தொடக்கத்திலேயே இன்சுலினா, மாத்திரையா?

காட்பாடியில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சர்க்கரை 340 என்று தெரிந்ததும், வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஊசி ஆரம்பிச்சா சாகிற வரைக்கும் ஊசிதான்." எல்லோருக்கும் அப்படி இல்லை.

இரண்டாம் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஏறிய சர்க்கரையாலேயே இன்னும் சோர்ந்து போகின்றன. சில வாரம் இன்சுலின் போட்டு அதை இறக்கினால் அவற்றுக்கு ஓய்வு. சொந்தச் சுரப்பு ஓரளவு மீளலாம். சீனாவில் புதிய நோயாளிகள் 382 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. சர்க்கரை சீரானதும் இரண்டு வாரம் தொடர்ந்து, சிகிச்சையை நிறுத்தினார்கள். ஓராண்டு கழித்தும் மருந்தில்லாமல் இருந்தவர்கள், தினம் பல ஊசி போட்டவர்களில் சுமார் 45 சதவீதம். மாத்திரை எடுத்தவர்களில் 27.

மாத்திரை சுலபம், விலையும் குறைவு. சர்க்கரை மிதமாக இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும்.

ஊசியில் தாழ்சர்க்கரை பயம் உண்டு, அப்புறம் வேலூர் வெயிலில் மருந்து கெட்டுப்போகும். பிரிட்ஜ் இல்லாத சித்தி, குப்பியை மூடிபோட்ட டப்பாவில் வைத்து மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். 340க்கு நான் ஊசியைத்தான் சொல்வேன். நிறுத்துவதை மட்டும் டாக்டர் சொல்லட்டும். உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத முதல் வகை நீரிழிவுக்காரர்கள் ஊசியை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.