கம்பத்தைப் பிடுங்காமலே விளக்கை மாற்றலாம்

எங்கள் தெரு பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. ஒரு ஜன்னல் சட்டத்தை மாற்றவும் நாங்கள் அனுமதி வாங்க வேண்டும். அதே தெருவின் வார்ப்பிரும்பு விளக்குக் கம்பங்களை எல்லாம் பிடுங்கிவிட்டு எல்இடி விளக்கு பொருத்திய உயரமான எஃகுக் கம்பங்களை நடப்போவதாக நிர்வாகம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. எல்இடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வழிகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் எங்களிடம் காட்டியதுதான் என் புகார்.

இப்போதுள்ள சோடியம் விளக்குகளே இருக்கட்டும் என்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. சுமார் 2000 கெல்வின் அளவில் அவை இதமாக எரிகின்றன. கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. ஆனால் அந்த மஞ்சளில் சிவப்புச் சட்டைக்கும் பழுப்புச் சட்டைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை, மின்சாரமும் கூடுதல். இந்த வழியை நானே கைவிடுகிறேன்.

நிர்வாகம் சொல்வது 4000 கெல்வின் வெள்ளை எல்இடி. கம்பம் உயர்ந்தால் இடைவெளி கூடும், கம்பங்கள் குறையும், பராமரிப்பும் எளிது. நியாயம்தான். ஆனால் விளக்கு மாடி ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கும். அந்த வெள்ளையில் நீல ஒளியும் அதிகம். இரவில் அது தூக்கத்தைக் கெடுக்கிறது. தெருவிளக்கு 3000 கெல்வினைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-லேயே சொல்லிவிட்டது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 4000 கெல்வின் விளக்குகளைப் போட்டார்கள். மக்கள் புகார் சொன்ன பிறகு அவற்றை எடுத்துவிட்டு 2700 கெல்வினுக்கு மாற்றினார்கள். ஒரே வேலைக்கு இரண்டு செலவு.

மூன்றாவது வழி, கம்பத்தையும் கண்ணாடிக் கூண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே 2700 கெல்வின் எல்இடியைப் பொருத்துவது. எங்கள் வாசலில் நிற்கும் கம்பத்தை நேற்று மாலை அருகில் போய்ப் பார்த்தேன். கூண்டுக்குக் கீழே இருபுறமும் ஒரு குறுக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. வாயு விளக்குக் காலத்தில் விளக்கேற்ற வருபவர் ஏணியைச் சாய்ப்பதற்காக வைத்தது அது. அடித்தண்டில் பெயிண்ட் உரிந்த இடத்தில் பச்சை, கறுப்பு, சாம்பல் என்று அடுக்கடுக்காகத் தெரிகிறது. இதைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டுவிட்டு என்ன பாதுகாப்புப் பகுதி?

இந்த வழியிலும் சிரமம் உண்டு. ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று சோதிக்க வேண்டும். தேறாததை மட்டும் கழித்து, அதே அச்சில் புதிதாக வார்த்து நடலாம். வெளிச்சத்தின் நிறம் இதமாகும்போது அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஒளி சற்றுக் குறைவதும் உண்மையே. நள்ளிரவுக்குப் பிறகு ஒளியைத் தணித்து எரிய விட்டால் அந்தச் செலவை ஈடுகட்டிவிடலாம்.

கம்பங்களின் ஆயுள் முடிந்துவிட்டது என்கிறது நோட்டீஸ். எந்தக் கம்பத்தை எந்த நாளில் சோதித்தார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை ஒரு கம்பத்தையும் தொடக் கூடாது என்றும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.