ஓவடோன்னா வங்கியில் 11 வருடம்

வேலைக்காக மினசோட்டாவின் ஓவடோன்னாவுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. வந்த வாரமே, பூங்காவுக்கு எதிரே பிராட்வேயும் சீடர் தெருவும் சந்திக்கும் முனையில் உள்ள வங்கியில் கணக்குத் தொடங்கினேன். பெயர்ப்பலகை வெல்ஸ் ஃபார்கோ. கட்டியது பென்னெட் குடும்பம். அப்போது அதன் பெயர் நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க்.

சம்பளம், கார் கடன், அம்மாவுக்குப் பணம் அனுப்புவது எல்லாம் செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் மாதம் ஒரு முறையாவது நேரில் போய்விடுவேன். காரணம் அந்த வெளிச்சம். தெருவைப் பார்த்த இரண்டு சுவர்களிலும் 36 அடி அகலத்துக்கு அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி. ஜனவரியில் ஊரே வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது, கதவைத் திறந்தால் பச்சையும் பொன்னுமாக விளைந்த வயலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மேலே நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள், ஒவ்வொன்றும் இரண்டேகால் டன். சுவரோவியம் ஒன்றில் பசுக்கள் மேய்கின்றன, எதிரே அறுவடை நடக்கிறது.

இதைக் கேட்டு வாங்கியவர் கார்ல் பென்னெட். ஹார்வர்டில் படித்தவர், இசைமேல் உயிர். குடும்ப வங்கிக்காக ஊர் திரும்பினார். 1906இல் சிகாகோ கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, புதுக் கட்டடத்துக்கு அவரையே அழைத்தார். அப்போது சல்லிவனுக்குப் பெரிய வேலைகள் வருவது குறைந்திருந்தது. 1908இல் வங்கி திறந்தது. அலங்கார வேலைப்பாடுகளில் பெரும்பகுதி சல்லிவனிடம் வேலை பார்த்த ஜார்ஜ் எல்ம்ஸ்லி வரைந்தவை. அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது, விவசாயிகள் வந்து உட்கார்ந்து பேசவென்று உள்ளே தனி அறை ஒதுக்கியிருந்தார்கள் என்பது. கடன் கேட்டு வருபவனை விருந்தாளியாக நினைத்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

அப்புறம் முதல் உலகப் போர். தானிய விலை ஏறியது, நில விலையும் ஏறியது, அந்த நிலத்தை நம்பி வங்கி கடன்கள் கொடுத்தது. 1920க்குப் பிறகு விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை. 1926இல் வங்கி மூடப்பட்டது. டெபாசிட்டுக்கு மத்திய அரசின் காப்பீடு வந்ததே 1933இல்தான். கட்டடத்துக்குக் கொட்டிய பணம்தான் வங்கியை மூழ்கடித்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தப் பத்தாண்டில் அமெரிக்கக் கிராமப்புறங்களில் மிகச் சாதாரணக் கட்டடங்களில் இயங்கிய வங்கிகளும் ஆயிரக்கணக்கில் மூடின.

1929இல் வேறொரு வங்கி இடத்தை வாங்கியது. 1940இல் புதுப்பிக்கிறோம் என்று பழைய கவுன்டர்களைப் பிடுங்கி எறிந்தார்கள். இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. 1950களில் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞர் அக்கறையோடு சீர்செய்தார். 1981இல் 18 சென்ட் தபால்தலையிலும் இந்தக் கட்டடம் வந்தது.

ஐ-35 நெடுஞ்சாலையில் மினியாபொலிஸிலிருந்து தெற்கே சுமார் ஒரு மணி நேரம். வேலை நாளில், வங்கி திறந்திருக்கும்போது வாருங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் என்றால் மேற்குக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கும்.