உள்ளே வேர்க்கடலை, வெளியே சாக்லேட்: நெடுநாள் அனுபவம்

சாக்லேட் மாவுக்குள் பீநட் பட்டர் உருண்டையை வைத்து மூடிச் சுடும் குக்கீ சில ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஓடிஜி எனும் சிறிய மின் ஓவனில் அடிக்கடி வேகிறது. இவ்வளவு காலம் செய்தபின் உறுதியாகச் சொல்வேன்: ருசியைத் தீர்மானிப்பது உள்ளே வைக்கும் பூரணம்தான். மேல்மாவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை.

கடையில் இரண்டு வகை பீநட் பட்டர் கிடைக்கிறது. வேர்க்கடலையை மட்டும் அரைத்தது ஒன்று. எண்ணெய் பிரியாதிருக்க ஹைட்ரஜனேற்றிய கொழுப்பைச் சேர்த்தது மற்றொன்று. இரண்டாவது கெட்டியாக நிற்பதால் உருட்டச் சுலபம். ஆனால் மணத்தில் முதல் வகையின் கிட்டே வராது. நான் வறுத்த கடலையைத் தோல் நீக்கி மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்கிறேன். முதலில் பொடியாகும், பிறகு ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். வழித்துவிட்டு, விட்டு விட்டு ஓட்டினால் எண்ணெய் கக்கிப் பளபளவென்று இளகிவிடும். அந்த விழுது 200 கிராமுக்குப் பொடித்த சர்க்கரை 100 கிராமும் தாராளமாக ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைக்கிறேன். நம் ஊர் வெயிலில் இதைத் தவிர்க்கவே கூடாது. பூரணம் இளகியிருந்தால் மூடும்போதே மாவோடு கலந்துவிடும்.

மேல்மாவுக்கு வெண்ணெய் 110 கிராம், வெள்ளைச் சர்க்கரையும் நாட்டுச் சர்க்கரையும் 100 கிராம் வீதம், பீநட் பட்டர் 60 கிராம், ஒரு முட்டை, மைதா 180 கிராம், கோகோ தூள் 40 கிராம், பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி. இருபத்து நான்கு குக்கீகள் வரை வரும். சாதாரண கோகோவில் இயல்பாகவே புளிப்பு இருப்பதால் சோடா நன்றாக வேலை செய்யும். மாவை எலுமிச்சை அளவு எடுத்துத் தட்டி, பூரணத்தை வைத்து மூட வேண்டும். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே அல்ல. விரிசல் தெரிந்தால் விரலால் தடவி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓவனில் அந்த இடத்தில்தான் பூரணம் எட்டிப்பார்க்கும். டம்ளரின் அடியைச் சர்க்கரையில் தொட்டு மெல்ல அழுத்தினால் மேற்பரப்பு மொறுமொறுப்பாக வரும்.

முன்சூடு செய்த ஓடிஜியில் 180 டிகிரி செல்சியஸில் ஒன்பது, பத்து நிமிடம் போதும். கறுத்த மாவு என்பதால் நிறத்தை வைத்துப் பதம் சொல்ல முடியாது. ஓரம் இறுகி நடு மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுங்கள். டிரேயிலேயே ஐந்து நிமிடம் விட்டால் தானாகக் கெட்டிப்படும். திருகியில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல ஓடிஜிகளில் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் ஓவன் தெர்மாமீட்டருக்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

சுட்ட அன்றைவிட மறுநாள்தான் எனக்குப் பிடிக்கும். கோகோவின் கசப்பு அடங்கி, பூரணத்தின் உப்பு மேலெழுந்து நிற்கும். காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள் நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் அதற்குள்ளாகவே நமுத்துவிடும். அதனால் இப்போதெல்லாம் மொத்தத்தையும் ஒரேயடியாகச் சுடுவதில்லை. பூரணம் வைத்த உருண்டைகளை அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வேண்டும்போது நாலைந்து எடுத்து இரண்டு நிமிடம் கூடுதலாக வைத்துச் சுடுகிறேன்.

வேலை சாதாரண குக்கீயைப்போல இருமடங்கு. அதற்குத் தகுந்த பலனும் உண்டு. பிறருக்குக் கொடுக்கும்போது மட்டும், உள்ளே வேர்க்கடலை இருப்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சிலருக்கு அது கடும் ஒவ்வாமை. வெளியே பார்த்தால் வெறும் சாக்லேட் குக்கீ போலத்தான் இருக்கும்.