இரண்டு இரவு, ஒரு அறை: கோத்தகிரியில் விருந்தாளிகளோடு ஏழு ஆண்டு

2019 ஜனவரி முதல் எங்கள் வீட்டில் வெளிநாட்டுப் பயணிகளைத் தங்கவைத்து வருகிறோம். காசு வாங்குவதில்லை. கொரோனாவால் நின்றுபோன இரண்டு ஆண்டு போக, இதுவரை வந்தவர்கள் 74 பேர். மனைவி ஒரு நீள நோட்டில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு இதைச் செய்யலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக, நல்லது கெட்டது இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நாங்களே இங்கே வெளிநாட்டவர்தான். நான் மலேசியாவின் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் சீவினார். கிள்ளானில் 26 ஆண்டு வேலை பார்த்துவிட்டு, 50 வயது ஆனதும் மலேசிய ஊழியர் சேமநிதியில் அந்த வயதில் எடுக்கக்கூடிய இரண்டாம் கணக்கை எடுத்துக்கொண்டு 2018-ல் கோத்தகிரிக்கு வந்தோம். இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருப்பதால் விசா கவலை இல்லை. ஆனால் அந்த அட்டையை வைத்து விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. இங்கே மனசுக்குப் பிடித்த இடமெல்லாம் தேயிலைக்குள்தான் இருக்கிறது. அதனால் வாடகை வீடு. மூன்று அறை, பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில். வந்த முதல் ஆண்டு மிகவும் தனிமையாக இருந்தது. பேசுவதற்குத் தமிழ் இருந்தும் யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரியவில்லை.

தொடக்கத்தில் ஒரு பெரிய இணையதளத்தில் பதிந்தோம். பெயர் வேண்டாம். அதில் வந்தவர்களில் நல்லவர்கள்தான் அதிகம். ஆனால் இலவச அறை என்பதற்கு மேல் எதையும் பார்க்காதவர்களும் வந்தார்கள். ஒருவர் மூன்று நாள் என்று சொல்லி ஒன்பது நாள் இருந்தார். காலையில் போய் இரவில் வருவார், எங்களோடு உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் மனைவி சமையலறையில் நின்று, "என்னங்க, நம்ம வீட்டுக்கு யாரு வந்திருக்காங்கன்னே எனக்குத் தெரியலையே" என்று கேட்டார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அந்த வாரமே அந்தத் தளத்தை விட்டோம்.

இப்போது எங்களுக்கு இரண்டே வழி. ஒன்று, 1949-ல் தொடங்கிய சர்வாஸ் என்ற அமைப்பு. அதில் பயணியை அவர் நாட்டிலேயே ஒருவர் நேரில் பேசிப் பார்த்து அறிமுகக் கடிதம் கொடுப்பார். தங்குவது பொதுவாக இரண்டு இரவு. இன்னொன்று, தொலைதூர சைக்கிள் பயணிகளுக்காக இருக்கும் வார்ம்ஷவர்ஸ் என்ற இணையதளம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அதற்குள் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டும். அந்த மலையை மிதித்து ஏறி வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்தால் வேறு சான்று கேட்கத் தோன்றாது. வெந்நீர், சோறு, தூக்கம், அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும்.

இரண்டு இரவு என்ற கணக்கை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டோம். முதலில் இது கறாராகப் பட்டது. அப்புறம் புரிந்தது, போகும் நாள் தெரிந்தால்தான் இரண்டு பக்கமும் மனம் விட்டுப் பேச முடிகிறது. இரவுச் சாப்பாடு மட்டும் கட்டாயம் சேர்ந்துதான். ஒருநாள் மனைவியின் நாசி லெமாக் என்ற மலேசியத் தேங்காய்ப்பால் சோறு, மறுநாள் பக்கத்து வீட்டுப் படுகர் அக்கா சொல்லிக்கொடுத்த 'அவரை உதக்க' என்ற அவரைக் குழம்பும் ராகிக் களியும்.

சட்ட விஷயத்தில் அசட்டை கூடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு ஒருவர் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் தாக்கல் செய்ய வேண்டும். 'சி' படிவம் என்பது பழைய பெயர், பழக்கத்தில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். விடுதிக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. முதல் முறை நாங்கள் ஒருநாள் தாமதித்தோம், விசாரிக்க ஆள் வந்தார்கள். தவறு எங்களுடையதுதான். அதற்குப் பிறகு விருந்தாளி பையை இறக்கியதும் முதல் வேலை கடவுச்சீட்டைப் படம் எடுப்பது, காபி அதற்குப் பிறகு. வீட்டுக்காரரிடமும் முன்பே சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாடகை வீட்டில் அது இல்லாமல் இறங்கவே வேண்டாம். காசு வாங்கத் தொடங்கினால் அது ஹோம்ஸ்டே, அதற்கு அனுமதி தனி.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை. அதனால் பேருந்திலேயே வரச் சொல்லிவிடுகிறேன். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் தடை என்பதையும் முன்பே எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது கரடி. கோத்தகிரியைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. இங்கே தேயிலைப் புதருக்குள் கரடி படுத்திருக்கும், இருட்டினால் தெருவுக்கே வரும். காட்டெருமையாவது தூரத்தில் தெரியும், கரடி தெரியாது. 2022-ல் வந்த ஒரு ஜெர்மன் பெண், ஆறரை மணிக்குச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வளைவில் பத்தடி தூரத்தில் கரடி. அவர் ஓடாமல் அப்படியே நின்றதால் அது சரிவில் இறங்கிப் போய்விட்டது. கை நடுங்க வீட்டுக்கு வந்த அவரைப் பார்த்தபோதுதான், இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பொறுப்பில் எடுத்திருக்கிறோம் என்பது எனக்கு முழுதாக உறைத்தது. இப்போது ஆறு மணிக்கு மேல் தனியாக யாரையும் வெளியே விடுவதில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு, கேஸ், கூடுதல் கனத்த போர்வைகள். தண்ணீர்தான் கவலை. குழாயில் தினமும் வராது, இரண்டு தொட்டி கூடுதலாக வாங்கி வைத்தோம்.

எங்களுக்குக் கிடைத்ததைச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் ஊரைப் பற்றிக் கேட்பார்கள், எங்களுக்கோ பதில் தெரியாது. அவர்களுக்குக் காட்டுவதற்காகத்தான் நாங்களே எல்லா இடத்துக்கும் போனோம். கன்னேரிமுக்கில் 1819-ல் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா, 2024-ல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த 116 ஹெக்டேர் லாங்வுட் சோலை, ஜனவரியில் வெள்ளை உடுத்த கூட்டத்தோடு பேரகணியில் நடக்கும், படுகர்களின் தெய்வமான ஹெத்தையின் பண்டிகை. அந்தப் பண்டிகைக்கு எங்களை அழைத்துப் போனவர் படுகர் அக்காதான். "அண்ணா, உங்க விருந்தாளியையும் கூட்டிட்டு வாங்க" என்று அவர் சொன்ன நாளில்தான் எங்களுக்கு இந்த ஊரில் உறவு தொடங்கியது.

ஒரு பிரெஞ்சுக்காரர், தமிழ் கொஞ்சம் படித்தவர், கொழுந்து பறிக்கும் ஒரு பாட்டியின் பேச்சு மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். நான் கவனித்ததே இல்லை. இருவரும் போய்ப் பாட்டியிடமே கேட்டோம். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். அவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டமான டான்டீயைத் தொடங்கினார்கள். பாட்டி தன் பிள்ளைப் பருவத்தைச் சொல்லச் சொல்ல லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கங்காணி (மேற்பார்வையாளர்), பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) என்று ஒவ்வொரு சொல்லாக வந்தது. எல்லாம் என் அம்மாவின் சொற்கள். "நீங்க எந்தத் தோட்டம் தம்பி?" என்று அவர் கேட்டார். கோத்தகிரியில் என்னிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரருக்கு என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரிந்திருக்காது, ஆனால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

யாருக்கு இது ஒத்துவரும்? கணவன் மனைவி இருவருக்கும் விருப்பம் இருந்தால் மட்டும். சமைப்பதும் படுக்கை மாற்றுவதும் ஒருவர் தலையில் விழுந்தால் ஆறு மாதம் தாங்காது. எங்கள் வீட்டில் படுக்கை, துணி, பாத்திரம் என் பொறுப்பு.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை இனி யாரையும் ஏற்பதில்லை என்று இந்த ஆண்டு முடிவு செய்தோம். கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை இங்கேதான் கொட்டும். 2009 நவம்பர் மண்சரிவை அக்கம்பக்கத்தார் இன்னும் பேசுகிறார்கள். சாலை அடைத்துவிட்டால் விருந்தாளிக்கும் சிரமம், நமக்கும் பயம். டிசம்பர் மூன்றாம் வாரத்துக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு சைக்கிள் ஜோடி எழுதியிருக்கிறார்கள். ஹெத்தை பண்டிகை வரை இருக்கலாமா என்று கேட்கிறார்கள். இரண்டு இரவுக் கணக்குக்கு அது ஒத்துவராது. அக்காவிடம் சொன்னேன், மீதி நாள் தன் வீட்டில் தங்கட்டும் என்கிறார். 'சி' படிவத்தை எப்படி நிரப்புவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.