இன்சூரன்ஸ் ஆபீஸ் ஃபைல்களை எங்கே வைப்பது: மாத வாடகை சாஃப்ட்வேரா, கூகுள் டிரைவா?

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில், வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்த எங்கள் ஆபீஸுக்குள் தண்ணீர் வந்து பீரோவின் கீழ்த்தட்டு இரண்டும் ஊறிப்போனது, பழைய கிளெய்ம் ஃபைல் எல்லாம் அதில்தான். மூன்று பேர் வேலை பார்க்கும் சின்ன ஏஜென்சி, பெரும்பாலும் மோட்டார், கொஞ்சம் ஹெல்த். இனி பேப்பரை நம்ப முடியாது என்று மூன்று வழிகளைப் பார்த்தோம்.

ஆபீஸிலேயே ஒரு ஹார்ட் டிஸ்க் என்பதை உடனே விட்டுவிட்டோம். அதே அறை, அதே தண்ணீர்.

ஏஜென்ட்டுகளுக்கென்றே வரும் சாஃப்ட்வேர் ஒன்றை இரண்டு மாதம் ஓட்டினோம். ரின்யூவல் தேதியை அதுவே நினைவூட்டும், அது பெரிய உதவி. மோட்டார் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும், அதை 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த வாடிக்கையாளருக்கு அது சின்ன இழப்பில்லை. இந்த விஷயத்தில் மூன்றாவது வழியான கூகுள் டிரைவ் பின்தங்கித்தான் இருக்கிறது, நாங்கள் தேதிகளைத் தனியாக ஒரு ஷீட்டில் போட்டுத் தினமும் காலையில் பார்க்கிறோம்.

ஆனாலும் டிரைவுக்குத்தான் போனோம். காரணம் ஒன்றே ஒன்று. சாஃப்ட்வேரை நிறுத்தும்போது எங்கள் ஃபைல்களைத் திருப்பிக் கேட்டோம், ஜிப்பாக அனுப்பினார்கள், திறந்தால் எல்லாம் வெறும் நம்பர். எது யாருடைய ஆர்சி, எது யாருடைய பாலிசி என்ற தொடர்பு அவர்களுடைய டேட்டாபேஸில்தான் இருந்தது, எங்களிடம் வந்தது பெயரில்லாத பிடிஎஃப் குவியல். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைக்க மூன்று வாரம் ஆனது. ஒரு தாள் யாருடையது என்பது அந்த ஃபைலின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தோம். இப்போது வண்டி நம்பர், வருடம், அப்புறம் ஆர்சியா பாலிசியா கிளெய்மா, இந்த வரிசையில்தான் பெயர். ஆள் பெயரை வைத்துத் தேடினால் எங்கள் ஊரில் எத்தனை முருகன், எத்தனை செல்வி! ஞாயிற்றுக்கிழமை விபத்து என்று போன் வந்தாலும் வண்டி நம்பரைத் தட்டினால் போனிலேயே பாலிசி வந்துவிடும். நாளைக்கு டிரைவை விட்டு வேறு எங்கே போனாலும் இந்தப் பெயர் கூடவே வரும்.

இதற்குத் தினசரி உழைப்பு வேண்டும். அன்றைக்கு வந்த தாளை அன்று சாயங்காலமே ஸ்கேன் செய்து பெயர் வைக்க வேண்டும், ஒரு வாரம் தள்ளினால் குவிந்துவிடும். 2024 ஏப்ரலிலிருந்து பாலிசியை மின்வடிவில் தர வேண்டும் என்ற ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) விதியால் புதியவை பிடிஎஃப்பாகவே வருகின்றன, அந்த அளவுக்கு வேலை குறைவு. இலவச 15 ஜிபி ஜிமெயிலோடும் போட்டோக்களோடும் சேர்த்துத்தான், அதனால் 100 ஜிபி திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம். கணக்கு ஆபீஸ் பெயரில் இருக்கட்டும், ஊழியரின் சொந்தக் கணக்கில் ஏற்றினால் அந்த ஃபைல்களுக்கு அவர்தான் உரிமையாளர். ஆதார் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகலையே வாங்கி வையுங்கள்.

பத்துப் பேர், இரண்டு கிளை என்று இருந்தால் சாஃப்ட்வேரே சரியாக வரலாம், அந்த அளவில் நான் ஆபீஸ் நடத்தியதில்லை. எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன் பத்து ஃபைலை ஏற்றி, உடனே திருப்பி இறக்கி, பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.