கடல் பூங்காவின் டால்பின் காட்சி: 5க்கு 1

கடல் விலங்குப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகத் திட்டமிட்டிருக்கிறீர்களா? மற்றது எதற்கு வேண்டுமானாலும் டிக்கெட் எடுங்கள், டால்பின் காட்சிக்கு எடுக்காதீர்கள். நான் போன பூங்காவின் பெயரை எழுதவில்லை. இந்தக் குறை அந்த ஒரு வாசலோடு முடிவதில்லை.

வசதிகளைப் பற்றிப் புகார் ஏதுமில்லை. நல்ல நிழல் இருக்கிறது, எங்கே உட்கார்ந்தாலும் தொட்டி முழுவதும் தெரிகிறது, காட்சியும் சொன்ன நேரத்தில் தொடங்கிவிடுகிறது. டால்பின்கள் வளையத்துக்குள் பாய்கின்றன, வாலை ஊன்றி எழுந்து தண்ணீர்மேல் பின்னோக்கி நகர்கின்றன. பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

நான் நீச்சல் கற்றுக்கொடுப்பவள். எந்தக் குளத்தைப் பார்த்தாலும் கண் தானாக நீள அகலத்தை அளந்துவிடும். அந்தத் தொட்டி, என் மாணவர்கள் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் 50 மீட்டர் குளத்தைவிடச் சிறியது. கடலில் ஒரே நாளில் பல பத்து கிலோமீட்டர் அலையும் உயிருக்கு, நாலு தடவை வாலை அசைத்தால் எதிர்ச்சுவர் வந்துவிடுகிறது. குளோரின் நெடியும் மூக்கில் ஏறியது. என் பிள்ளைகள் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கி, ஒரு மணி நேரத்தில் கரையேறிவிடுவார்கள். டால்பின் எங்கே கரையேறும்?

சத்தம் இன்னொரு கொடுமை. டால்பின் ஒலியெழுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறது என்று கேட்டே தன்னைச் சுற்றியுள்ளதை அறிகிறது. அப்படிப்பட்ட விலங்கின் தலைமாட்டில் காட்சி நெடுக ஒலிபெருக்கி அலறுகிறது. நான் பிடித்திருந்த கம்பி உள்ளங்கையில் அதிர்ந்தது.

"எப்படிச் சிரிக்கிறான் பாருங்கள்!" என்று அறிவிப்பாளர் அடிக்கடி சொன்னார். அது தாடையின் வடிவம். கரையில் செத்து ஒதுங்கிய டால்பினின் முகத்திலும் அதே சிரிப்பு இருக்கும். அதன் வாயைவிட, பயிற்சியாளரின் இடுப்பில் தொங்கும் வாளியைக் கவனியுங்கள். ஒரு வித்தை, ஒரு விசில், ஒரு மீன். நடுவே கண்ணாடி போன்ற கட்டிகளையும் வாயில் போட்டார்கள். அது தண்ணீர் சேர்த்து உறையவைத்த ஜெலட்டின். டால்பினுக்கு வேண்டிய நீர் பெரும்பாலும் அது தின்னும் மீனிலிருந்தே கிடைக்கிறது. உறையவைத்த மீனில் அந்த நீர் குறைந்துவிடுவதால் இப்படி ஊட்ட வேண்டியிருக்கிறது.

காட்சி முடிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ஒரு டால்பின் பின்தொட்டிக்குப் போகும் கம்பிக் கதவின் முன்னால் அசையாமல் மிதந்தது. இன்னொன்று ஒரே திசையில் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் அதே மூலையில் புரண்டு, வயிற்றைக் காட்டித் திரும்பியது. அதன் முதுகில் சீப்பால் இழுத்ததுபோல் இணைகோடுகள். மற்ற டால்பின்களின் பற்கள் பதித்த கீறல்கள் அவை. கடலிலும் டால்பின்கள் கடித்துக்கொள்வதுண்டு. அங்கே அடிபட்டது விலகிப் போய்விடும். இங்கே விலக இடம் ஏது?

வாளியைக் கழுவிக்கொண்டிருந்த ஊழியரிடம், "இவை இங்கேயே பிறந்தவையா, தம்பி?" என்று கேட்டேன். "ஒன்றுதான் இங்கே பிறந்தது அம்மா. மற்றவை கடலில் பிடித்தவை" என்றார். எந்தக் கடல் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஜப்பானின் தைஜியில் இது எப்படி நடக்கிறது என்பது உலகறிந்தது. படகிலிருந்து இரும்புக் குழாய்களைத் தண்ணீருக்குள் இறக்கித் தட்டி, மிரண்டோடும் கூட்டத்தைக் குடாவுக்குள் அடைக்கிறார்கள். காட்சிக்கு ஏற்றவற்றைப் பொறுக்கிக்கொண்டு, மற்றவற்றில் பலவற்றைக் கொன்றுவிடுகிறார்கள். அங்கே பிடிபட்டவற்றை உறுப்பினர்கள் வாங்கக் கூடாது என்று ஜப்பானின் விலங்குக் காட்சிசாலைகள் சங்கமே 2015இல் முடிவெடுத்தது.

பிள்ளைகளுக்கு இது கல்வி என்கிறார்கள். டால்பின் புத்திசாலி என்று மேடையில் சொன்னதும் உண்மைதான். ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு விசில் ஒலி உண்டு. கண்ணாடியில் தெரிவது தன் உருவம்தான் என்று அவற்றுக்குப் புரிகிறது என்பதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவு தெரிந்தவர்கள் அதையே காரணமாகக் காட்டி அடைத்து வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அறிவுக்குத் தொட்டிக்குள் என்ன வேலை? பந்து தட்டுவதா?

தொட்டியில் பிறந்ததைத் திடீரென்று கடலில் விட்டால் பிழைக்காது என்பார்கள். சரி, வைத்துக் காப்பாற்றட்டும். அதற்கு வளையமும் ஒலிபெருக்கியும் எதற்கு? புதிதாகக் குட்டி போடவைப்பது எதற்கு? அமெரிக்காவில் கடல் பூங்காக்கள் நடத்தும் சீவேர்ல்ட் போன்ற பெரிய நிறுவனமே, டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர்கா திமிங்கலங்களின் இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக 2016இல் அறிவித்தது. டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று 2013இல் இந்தியா சொல்லிவிட்டது. கனடா 2019இல் தடைச் சட்டமே கொண்டுவந்தது.

நான் கொடுத்த 1 மதிப்பெண், கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொன்ன அந்த ஊழியருக்கு.

டால்பின் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கடலில் பாருங்கள். இன்ஜினை நிறுத்தித் தள்ளி நின்று காத்திருக்கும் படகாகத் தேடிப் பிடியுங்கள். வந்தால் வரும், வராமலும் போகலாம்; பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். துரத்திப் போகிற, தீனி போடுகிற, தண்ணீரில் இறங்கித் தொடலாம் என்று ஆசை காட்டுகிற படகில் ஏறாதீர்கள்.