ஆலப்புழா ஹவுஸ்போட் பேக்கேஜ்: காரைக்குடியில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கல்யாண சீசன் வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வாட்ஸப் குரூப்புகளில் ஒரே படம் சுற்ற ஆரம்பிக்கும். குறுகலான வாய்க்கால், இரண்டு கரையிலும் சாய்ந்த தென்னை, நடுவில் கூரை போட்ட பெரிய படகு, முன்தட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜோடி. கீழே, 'கப்பிள் ஸ்பெஷல், 22 மணி நேர குரூஸ், ஏசி, கேண்டில் லைட் டின்னர்'. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் இதே படம்தான். அறுபதாம் கல்யாணம் முடிந்த அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகள் புக் செய்து தரும் பரிசுக்கும் இதே படம்தான். பொய் அந்தப் படத்திலேயே தொடங்கிவிடுகிறது. அவ்வளவு பெரிய படகு அவ்வளவு சின்ன வாய்க்காலுக்குள் நுழையாது.

சமீபத்தில் தேவகோட்டைப் பக்கத்துத் தம்பதி ஒருவர் இப்படி ஏமாந்து திரும்பினார்கள். அவர்கள் கையில் இருந்த வவுச்சரை வைத்தே சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஏஜென்ட் பெயர் இங்கே வேண்டாம். ஆள் மாறினாலும் முறை ஒன்றுதான்.

வவுச்சரில் இருந்தது மொத்தம் நாலு வரி. 'டீலக்ஸ் ஏசி ஹவுஸ்போட். ஒரு பெட்ரூம். 22 மணி நேர குரூஸ். அனைத்து உணவும் சேர்த்து.' படகின் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, எந்த ஜெட்டி (படகுத்துறை) என்று இல்லை. முழுப் பணமும் யுபிஐயில் ஒரு தனிநபர் எண்ணுக்குப் போயிருக்கிறது. ரசீது கிடையாது.

அந்த நாலு வரியையும் ஆலப்புழா வழக்கப்படி படித்தால் வேறு அர்த்தம் வரும்.

'22 மணி நேர குரூஸ்' என்பது படகில் நீங்கள் இருக்கும் நேரம், படகு ஓடும் நேரம் அல்ல. மதியம் 12 மணிக்கு ஏற்றுவார்கள், மறுநாள் காலை 9 மணிக்கு இறக்குவார்கள். கணக்குப் பார்த்தால் அதுவே 21 மணி நேரம்தான். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கரையில் கட்டிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் ஓட்டம் நின்றுவிடும். இரவில் மீனவர்கள் வலை போடுவதால் ஹவுஸ்போட் ஓடக் கூடாது, அது நியாயமான விதி. காலையில் ஒரு மணி நேரம் போல ஒரு சுற்று. ஆக, ஒழுங்கான படகிலேயே ஓட்டம் ஐந்து, ஐந்தரை மணி நேரம்தான். தேவகோட்டைக்காரர்களுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் 'டீ குடிக்க', 'மீன் வாங்க', 'கள்ளு ஷாப் பார்க்க' என்று கரையில் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

ஏன் கட்டிப் போடுகிறார்கள் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காரைக்குடியில் நீங்கள் கட்டும் பணம் நேராகப் படகுக்காரருக்குப் போவதில்லை. இங்கே ஒருவர், கொச்சியில் ஒருவர், ஆலப்புழா ஜெட்டியில் ஒரு புரோக்கர் என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தள்ளுகிறார்கள். புரோக்கருக்கு உங்கள் வவுச்சரில் இருந்த படம் எதுவென்று தெரியாது. அன்றைக்கு எந்தப் படகு சும்மா நிற்கிறதோ அதை ஏற்பாடு செய்வார். கடைசிக் கைக்கு வந்த தொகை குறைவாக இருந்தால், படகுக்காரர் அதை டீசலில் பிடிப்பார். ஓடுகிற நேரத்தில் பிடிப்பார், ஜெனரேட்டரில் பிடிப்பார், தட்டில் வைக்கிற மீனிலும் பிடிப்பார். 'நாங்க காசு ஒழுங்காத்தானே கட்டினோம்' என்று படகில் நின்று சண்டை போட்டுப் பலனில்லை. அந்த ஆளிடம் உங்கள் காசு வரவே இல்லை.

அடுத்து 'டீலக்ஸ் ஏசி'. ஆலப்புழாவில் டீலக்ஸ் என்றால் உசத்தி இல்லை, அடிப்படை வகை. அதில் படுக்கையறை ஏசி இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மட்டும்தான். நாள் முழுக்க ஏசி ஓடுவதை பிரீமியம் என்பார்கள், அதற்கு மேல் லக்ஷுரி. மார்ச் மாதப் பகல் ஒரு மணிக்கு அறைக்குள் போய் ஸ்விட்சைத் தட்டினால், 'ஒம்பது மணிக்குத்தான் சார்' என்ற பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. விற்றவர் சொல்லாமல் விட்டதுதான் மோசடி. 'ஏசி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை' என்று வாட்ஸப்பில் எழுத்தாகக் கேளுங்கள். போனில் பேசியதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

'ஒரு பெட்ரூம்' என்பது இன்னும் நுணுக்கமான வார்த்தை. ஒரு பெட்ரூம் உள்ள படகு வேறு, மூன்று பெட்ரூம் படகில் ஒரு பெட்ரூம் வேறு. இரண்டாவதற்கு ஷேரிங் என்று பெயர். கல்யாணமான ஜோடி தனிப் படகு என்று நினைத்துப் போவார்கள். ஜெட்டியில் ஏற்கனவே இரண்டு குடும்பம், நாலு குழந்தைகள், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். ஷேரிங் தப்பில்லை, விலை குறைவு. ஆனால் தனிப் படகு விலைக்கு ஷேரிங் கொடுப்பதுதான் இங்கே நடந்தது. 'படகு முழுவதும் எங்களுக்கு மட்டும்' என்ற வாக்கியம் வவுச்சரில் இருக்க வேண்டும். விலை ஆளுக்கா, படகுக்கா என்பதும்.

மீன் விஷயம் தனிக் கதை. பேக்கேஜில் ஆளுக்கு ஒரு கரிமீன் வறுவல் வரும், உள்ளங்கை அகலம் இருந்தால் அதிர்ஷ்டம். பிற்பகலில் படகு ஒரு கரைக்கடையில் ஒதுங்கும். ஐஸ் பெட்டியில் நீல நிறக் கொடுக்குள்ள பெரிய ஆற்று இறால். அங்கே கொஞ்சு என்பார்கள். கையில் தூக்கிக் காட்டி, 'ஃபிரெஷ் சார், இப்பப் பிடிச்சது' என்பார்கள். விலையைக் கிலோவுக்குச் சொல்வார்களா, ஒன்றுக்குச் சொல்வார்களா என்பதைக் கவனியுங்கள். கொஞ்சின் எடையில் பெரும்பகுதி தலையும் கொடுக்கும்தான். தராசில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்தால் அதுவும் எடைதான். தண்ணீரை வடித்து, தராசு பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்து, பிறகு நிறுக்கச் சொல்லுங்கள். வாங்கியதைச் சமைக்க 'குக்கிங் சார்ஜ்' தனியாகக் கேட்பார்கள், அதை வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மீன் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கும் நம் ஊர் ஆச்சிமார்கள் படகில் மட்டும் ஏன் கூச்சப்படுகிறார்கள் என்பது புரியாத புதிர்.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால் சாம்பார், தோரன் (தேங்காய் போட்ட பொரியல்), அப்பளத்தோடு முடிந்துவிடும். பிள்ளையார் நோன்புக் காலத்தில் போகிறவர்கள், மீன் வறுத்த அதே சட்டியில் பொரியல் வதக்கக் கூடாது என்று ஏறிய உடனே குக்கிடம் சொல்லுங்கள். சமையல் தேங்காய் எண்ணெய்தான், நல்லெண்ணெய் வேண்டுமென்றால் ஒரு சின்ன பாட்டில் எடுத்துப் போவதில் வெட்கம் எதுவும் இல்லை. அரிசி பெரும்பாலும் 'மட்டா' என்கிற கேரளச் சிவப்பரிசி. சர்க்கரை உள்ள பெரியவர்கள் இரவு உணவு நேரத்தை ஏழரை என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது ஆகும்.

இரவு எங்கே கட்டுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விளம்பரத்தில் நடு ஏரி, நிலா வெளிச்சம். நிஜத்தில் பல படகுகள் புன்னமடையிலோ பள்ளாத்துருத்தியிலோ கரையோரம் வரிசையாகக் கட்டப்படும். உங்கள் ஜன்னலுக்கும் பக்கத்துப் படகு ஜன்னலுக்கும் நடுவில் கை நீட்டும் தூரம்கூட இருக்காது. அவர்களுடைய ஜெனரேட்டர் புகை உங்கள் கொசுவலைக்குள் வரும். 'வரிசையில் கட்டாமல் தனியாக வயலோரம் கட்டுவீர்களா' என்பதைக் கேட்டு வாங்குங்கள். ஆலப்புழாவை ஒட்டிய நெல் வயல் பகுதியான குட்டநாட்டில் வயல் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. வரப்போரம் கட்டினால் படகுத் தட்டில் நின்று நெல்லைக் குனிந்து பார்க்கலாம். இவ்வளவு தூரம் போவது அதற்குத்தானே.

ஏறுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்கிப் படகைப் பாருங்கள், பையை உள்ளே வைக்காமல். பை உள்ளே போய்விட்டால் பேரம் முடிந்தது. பக்கவாட்டில் கேஐவி (KIV) என்று தொடங்கும் பதிவு எண் எழுதியிருக்க வேண்டும், ஆலப்புழா பதிவுக்கு நடுவில் ஏஎல்பி (ALP) வரும். அதைப் போட்டோ எடுங்கள். கேரள சுற்றுலாத் துறை ஹவுஸ்போட்டுகளுக்கு கோல்ட் ஸ்டார், சில்வர் ஸ்டார் என்று தரச் சான்று தருகிறது. இருந்தால் காட்டச் சொல்லலாம். ஏசியை ஐந்து நிமிஷம் ஓடவிடச் சொல்லுங்கள். கழிவறையில் தண்ணீர் ஊற்றி நாற்றம் மேலே வருகிறதா என்று பாருங்கள். மெத்தையை உள்ளங்கையால் அழுத்துங்கள், ஈரம் கசிந்த மெத்தை ஜில்லென்று காட்டிக்கொடுக்கும். கூரை மூங்கிலும் பாயும் சேர்ந்தது, தலைக்கு மேலே கறுப்பு வட்டம் தெரிந்தால் அங்கே மழை ஒழுகியிருக்கிறது. அசல் கெட்டுவள்ளம் (பழைய பாணி மரப் படகு) ஆணி இல்லாமல் ஆஞ்சிலிப் பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு நல்ல மரத்தையும் பெயின்ட் பூசி மறைத்த மரத்தையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டு, எடுத்து, போட்டுப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால் அது இல்லாத மாதிரிதான். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளேற்றி, இருட்டும் நேரத்தில் ஓட்டியதால். அது ஹவுஸ்போட் இல்லை, ஆலப்புழாவும் இல்லை. ஆனாலும் கடைசி நேரத்தில் 'அந்தப் போட் ரிப்பேர், இதுல ஏறுங்க' என்று பெயரும் எண்ணும் இல்லாத எதையாவது காட்டினால், முன்பணம் போனாலும் ஏறாதீர்கள்.

ஸ்டேஷனில் இன்னொரு வலை இருக்கிறது. இறங்கியதும் ஆட்டோக்காரர் வவுச்சரை வாங்கிப் பார்த்து, அந்த ஜெட்டி மூடிவிட்டது என்று சொல்லி வேறு இடத்துக்குக் கொண்டுபோவார். கமிஷன்தான் காரணம். படகின் நேரடிப் பொறுப்பாளர் எண் உங்களிடம் இருந்தால் அங்கேயே போன் போட்டு ஒரே நிமிஷத்தில் முடித்துவிடலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த எண் கிடைக்கவில்லை என்றால், படகே இன்னும் முடிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீசன் பற்றியும் யாரும் சொல்வதில்லை. வேம்பநாட்டு ஏரியின் குறுக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை, வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறாமல் இருக்க, டிசம்பர் மத்தியில் மூடி மார்ச்சில் திறப்பது வழக்கம். உப்பு வராவிட்டால் ஆகாயத்தாமரை செழிக்கும். வாய்க்கால் பச்சைப் பாய் விரித்த மாதிரி அடைத்துக்கொள்ளும், புரொப்பெல்லரில் சுற்றும், படகு சுற்றுப்பாதையைச் சுருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் விலையும் உச்சம், தண்ணீரில் நெரிசலும் உச்சம். சாதாரண வாரநாள் என்றால் முன்பதிவே தேவையில்லை. காலை ஒன்பது, பத்து மணிக்குப் புன்னமடையில் 'ஃபினிஷிங் பாயின்ட்' என்கிற ஜெட்டிக்குப் போய், நாலு படகு ஏறிப் பார்த்து, கண்ணால் கண்டதைப் பேரம் பேசி எடுக்கலாம். குறுகலான வாய்க்கால்தான் ஆசை என்றால் ஹவுஸ்போட்டே வேண்டாம், மணிக்கணக்கில் வாடகைக்கு வரும் ஷிகாரா என்கிற சின்னப் படகு போதும்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் ஆலப்புழாவுக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொன்னமராவதி பக்கம் என்றால் புதுக்கோட்டை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல ஏஜென்ட்கள் அந்தக் கட்டத்திலேயே பாதிப் பணத்தோடு வந்து நிற்பார்கள். வவுச்சர், யுபிஐ ஸ்க்ரீன்ஷாட், அவர் அனுப்பிய படகுப் படம், நீங்கள் எடுத்த படகுப் படம், பகலில் ஏசி ஓடாததைக் கடிகாரத்தோடு எடுத்த வீடியோ, இவ்வளவு போதும். வாட்ஸப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

வேளாங்கண்ணியிலிருந்து காரைக்குடி வழியாக எர்ணாகுளம் போகும் ரயிலில் சிலர் டிக்கெட் போட்டுத் தருகிறார்கள். அது கோட்டயம் வழியாகப் போகிற வண்டி, ஆலப்புழா ஸ்டேஷனைத் தொடாது. 'கோட்டயம் டு ஆலப்புழா டிராப்' என்று டாக்ஸிக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள், விட்டுவிடுங்கள். கோட்டயத்திலிருந்து கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு ஆலப்புழாவுக்கு ஓடுகிறது. சுமார் இரண்டரை மணி நேரம், கட்டணம் டவுன் பஸ் மாதிரி. வாய்க்காலின் குறுக்கே உள்ள தூக்குப் பாலங்கள் படகு வரும்போது ஒவ்வொன்றாக மேலே எழும்பும். அவை பழுதாகும் காலங்களில் படகு கோட்டயம் ஊருக்குள் இருக்கும் கோடிமதா ஜெட்டிக்கு வராது, சற்றுத் தள்ளியிருக்கும் காஞ்ஞிரத்திலிருந்துதான் புறப்படும். ஆட்டோ ஏறும் முன் எந்த ஜெட்டி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.